தோட்டம் தாமானாக மாறுவதற்குள் ஆற்றோரத்தை எழுதி வாங்குவது எப்படி

எங்கள் தோட்டத்தில் ஆற்றை ஒட்டி நின்ற செம்பனை மரங்களின் அடியில் சிவப்புச் சாயத்தால் ஒரு வளையம் போட்டிருப்பார்கள். மருந்து அடிக்கிற பெண்களுக்கு அதுதான் எல்லை. வளையம் போட்ட மரத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் பம்பைத் திறக்கக் கூடாது, உரமும் வீசக் கூடாது. அம்மாவுக்கு மலாய் படிக்க வராது, கரையில் நட்டிருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனால் வளையத்தைப் பார்த்தால் நின்றுவிடுவார். அப்புறம் அந்தப் பிரிவை விற்றார்கள். மரம் சாய்ந்தது, மண்ணை நிரவினார்கள், வளையமும் பலகையும் போன இடம் தெரியவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, இரட்டை மாடி வீடுகளின் பின்சுவர் நிற்கிறது, சில இடங்களில் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே மோட்டார் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

மலேசியாவின் பேராக்கில் இருக்கிற எங்கள் டவுன் கதை இது. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கெடா என்று தோட்டம் சூழ்ந்த எந்த டவுனுக்குப் போனாலும் இதே கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். மழை விட்ட மறுநாள் வீட்டுக்குள் வந்த சேற்றைத் தள்ளிக்கொண்டே, "ஆத்த ஒட்டி எப்படிங்க வீடு கட்ட விட்டாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதைப் பத்து வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, கையில் எந்தக் காகிதம் இருக்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இரண்டு தடவை அலைந்து, ஒரு தடவை முழுசாகத் தோற்று, இன்னொரு தடவை பாதி ஜெயித்தவன், அவ்வளவுதான்.

கரை யாருடையது

ஆறு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. 1920-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம், மலாயில் அக்தா ஆயர், ஆறுகள் மாநில ஆட்சியாளருக்கு உரியவை என்கிறது. குழப்பம் கரையில்தான். பழைய தோட்டத்துக் கிராண்களில், அதாவது நில உரிமைப் பத்திரங்களில், பலவற்றில் ஆறு நிலத்தின் நடுவே ஓடும், இரண்டு கரையும் கிராணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆற்றோரமாக இவ்வளவு மீட்டரை விட்டுவைக்க வேண்டும் என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. தோட்டமாக இருந்தவரை அது பெரிய பிரச்சினையாகவும் படவில்லை.

அப்படி விட்டுவைக்கிற நிலத்துக்குப் பெயர் ரிசாப் சுங்கை, அதாவது ஆற்று ஒதுக்கீடு (சுங்கை என்றால் ஆறு). எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு ஜே.பி.எஸ். என்று நாம் சொல்கிற நீர்ப்பாசன வடிகால் இலாகா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கரைக்குக் கரை 5 மீட்டருக்குக் குறைவான அகலம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் என்றால் 10, 10 முதல் 20 என்றால் 20, 20 முதல் 40 என்றால் 40, அதற்கும் மேல் போனால் 50 மீட்டர். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கூட்டத்தில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் மேம்பாட்டாளரின் ஆளுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆனால் இது வழிகாட்டிக் குறிப்பு, தன்னாலே கட்டுப்படுத்தாது. அதற்குப் பல் முளைப்பது இரண்டு வழியில். நிலத்தை மாற்றவோ கட்டவோ அனுமதி கொடுக்கும்போது அதை ஒரு நிபந்தனையாகப் போடுவது ஒன்று. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி மாநில அரசு அந்த நிலத்தைப் பொதுக் காரியத்துக்கான ஒதுக்கீடு என்று அரசிதழில் அறிவிப்பது இன்னொன்று. இந்த அறிவிப்புக்கு மலாயில் 'வார்த்தா' என்று பெயர். "அங்கே ரிசாப் இருக்குங்க" என்று யாராவது ஆறுதல் சொன்னால் உடனே "வார்த்தா ஆகியிருக்கா, நம்பர் என்ன?" என்று கேளுங்கள். வரைபடத்தில் பச்சை வர்ணம் தீட்டியிருப்பதும் வார்த்தா ஆவதும் வேறு வேறு.

சின்ன ஆறு உள்ளவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதே 1920 சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஆற்றங்கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடம் எழுப்ப எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்கிறது, கரையோரம் சுவர் எழுப்பவும் அப்படியே. 50 அடி என்றால் 15 மீட்டர் சொச்சம், நம்முடைய மூன்று மீட்டர் ஓடைக்கு ஜே.பி.எஸ். கணக்கு கொடுக்கும் 5 மீட்டரைவிட மூன்று மடங்கு. அனுமதி கொடுத்தால் கட்டலாம் என்பதால் இது முழுத் தடை ஆகாது, ஆனால் "அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. இந்தச் சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், மலாக்கா, பினாங்கு, கூட்டரசுப் பிரதேசம் ஆகியவற்றுக்குத்தான். கெடாவிலோ ஜொகூரிலோ இருப்பவர்கள் தங்கள் மாநிலத்துத் தண்ணீர்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சிலாங்கூரில் இதோடு சேர்த்து 1999-இல் வந்த நீர் நிர்வாகச் சட்டமும் அதற்கென்றே லுவாஸ் என்கிற வாரியமும் இருக்கின்றன.

எப்போது பிடிப்பது

எனக்குத் தெரிந்தது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதற்குத் துணை. விவசாயக் கிராண் கட்டட நிலமாக மாறும் சமயத்தில் பிடித்துவிட வேண்டும். மலாயில் துக்கார் ஷாராட், அதாவது நிபந்தனை மாற்றம், அல்லது நிலத்தை அரசிடம் திருப்பிக் கொடுத்துப் புதிய கிராணாக வாங்கும் செராஹ் பாலேக். அந்தச் சமயத்தில் நில உரிமையாளர் அரசிடம் கையேந்தி நிற்கிறார். ரோட்டுக்கு இவ்வளவு விடு, கால்வாய்க்கு இவ்வளவு விடு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு விடு என்று அரசு கேட்கும், அவரும் விடுவார். அதோடு சேர்த்து ஆற்றோரத்தையும் கேட்டால் காசு செலவில்லாமல் கிடைக்கும். வீட்டு மனைகளாகப் பிரித்துத் தனித்தனிக் கிராண் ஏறிய பிறகு அதே பத்து மீட்டர் வேண்டுமென்றால் 1960-ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டத்தின்படி இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க முடியும். வீட்டு நில விலையில் ஆற்றங்கரையை வாங்க எந்த அரசும் அவசரப்படாது.

நாங்கள் முதல் தடவை தோற்றது இதில்தான். இடது கரையில் வீட்டு வேலை ஆரம்பித்த பிறகு 200 கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், தேநீர்கூடக் கொடுத்தார். கிராண் மூன்று வருஷத்துக்கு முன்பே மாறிவிட்டது என்று கோப்பைத் திறந்து காட்டினார், அதோடு கதை முடிந்தது. அந்த மூன்று வருஷமும் நாங்கள் தினமும் அந்த மரங்களுக்கு நடுவேதான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதனால் மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மறுநடவு செய்ய வேண்டிய வயதைத் தாண்டியும் மரத்தைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் ஒரு அறிகுறி. சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டு அளவுக்காரர்கள் நடமாடினால் இன்னொரு அறிகுறி. தோட்டத்து ஆட்களுக்கு வீட்டைக் காலி செய்யும் பேச்சு வந்தால் அது பெரிய அறிகுறி. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைப் பல பேருக்குத் துண்டு போட்டு விற்க தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அதனால் பெரிய தோட்டம் என்றால் செய்தி அங்கிருந்தும் கசியும். துண்டாடல் என்ற சொல் நம் பெரியவர்களுக்குப் புதிதில்லை. 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்ததே அந்தத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான். அன்றைக்குத் தோட்டம் போனால் வேலை போகும் என்று பயந்தார்கள். ஆறும் கூடவே போகும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

சந்தேகம் வந்ததும் நில அலுவலகத்தில் ஒரு சாரியான், அதாவது நிலப் பதிவேட்டுத் தேடல் நகல், எடுங்கள். கிராண் நம்பரோ லாட் நம்பரோ தெரிந்தால் போதும், நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, சின்னக் கட்டணம்தான். வருகிற காகிதத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்: நிலத்தின் வகை விவசாயமா கட்டடமா, ஷாராட் ஞாதா என்கிற நிபந்தனையில் செம்பனை என்றிருக்கிறதா வேறு ஏதாவதா, கடைசியாகக் கிராண் எப்போது பதிவானது. வகை இன்னும் விவசாயம் என்றே இருந்தால் மூச்சு விடலாம், நேரம் இருக்கிறது.

அளப்பது

வாய் வார்த்தையாகப் போகாதீர்கள், அளந்துகொண்டு போங்கள். இதற்குச் சர்வேயர் தேவையில்லை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம், நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் கிழிந்த சேலைத் துண்டைக் கட்டியிருந்தோம். தண்ணீர் மூன்றரை மீட்டர் அகலத்தில் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அளந்தால் 5 மீட்டருக்குக் குறைவான ஆறு, ரிசாப் 5 மீட்டர்தான். ஆனால் கணக்கு கரைக்குக் கரை, தண்ணீருக்குத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் லாலான் புல்லை வெட்டிக் காட்டியபோதுதான் சரியான விளிம்பு தெரிந்தது, சரிவு முடிந்து நிலம் மட்டமாகிற இடம், போன வெள்ளத்தில் வந்த பிளாஸ்டிக் பை வேரில் மாட்டிக்கொண்டு தொங்கிய இடம். அங்கிருந்து எதிர்க்கரை விளிம்பு வரை ஆறு முடிச்சும் கொஞ்சமும். ஆக எங்கள் ஆறு 5 முதல் 10 மீட்டர் வகையில் வந்து விழுந்தது, ரிசாப் இரண்டு மடங்கானது. மேம்பாட்டாளரின் வரைபடத்தில் அதே இடத்துக்கு 4 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், வெயில் காலத்தில் வந்து அளந்திருப்பார்கள்.

ஒரு இடத்தில் அளந்தால் போதாது, வளைவில் ஒன்று, நேரான இடத்தில் ஒன்று, பாலத்துக்கு மேலே ஒன்று என்று குறைந்தது மூன்று இடத்தில் அளந்து, கயிறு குறுக்கே இருக்கும்போதே படம் எடுங்கள். போனில் இடக்குறிப்பைப் போட்டுவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது. அளக்கும்போது கரையின் கீழ்ப்பக்கம் நின்று அரித்துப்போன மண்ணில் கால் வைக்காதீர்கள், மேலே புல் இருக்கும், உள்ளே வெறும் பொந்து.

இன்னொரு தந்திரம் உண்டு, அது அளவைவிட மோசம். வரைபடத்தில் ஆற்றைப் 'பாரிட்' என்று எழுதிவிடுவார்கள். பாரிட் என்றால் கால்வாய், நாம் தோட்டத்தில் சொல்கிற அல்லூர் மாதிரி. அல்லூருக்கு ரிசாப் கணக்கு ஒத்துவராது, அதை நேராக்கிக் கொங்கிரீட் போட்டு மூலையில் தள்ளிவிடலாம். இதற்குப் பதில் பழைய வரைபடம். நில அளவை இலாகாவின் பழைய நிலவியல் வரைபடங்களில் சின்ன ஓடைக்குக்கூட சுங்கை என்று பெயர் போட்டிருப்பார்கள். தோட்டத்துக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர்கள் வீட்டில் பழைய எஸ்டேட் வரைபடம் சுருட்டி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான், ஒரு ஓய்வு பெற்ற கிராணியின் அலமாரிக்கு மேலே, கரப்பான் ஒரு மூலையைத் தின்றிருந்தது, ஆனால் ஆற்றின் பெயர் முழுசாக இருந்தது. தண்ணீர்ச் சட்டமும் உதவிக்கு வரும், அதில் ஆறு என்றால் கிளை ஆறு, ஓடை, இயற்கையான நீரோட்டம் எல்லாம் சேர்த்துத்தான்.

காகிதம்

கட்ட வருபவர் உள்ளூர் மன்றத்திடம் கெபெனாரான் மெரான்சாங் வாங்க வேண்டும், அதாவது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படியான அனுமதி. அந்த அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்தால் 500,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருஷம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது ரான்சாங்கான் தெம்பாத்தான், இன்னும் வரவில்லை என்றால் 21-ஆவது பிரிவு அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பச் சொல்கிறது, கடிதம் கொடுத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். 21 நாள் என்பது சீக்கிரம் ஓடிவிடும், தீபாவளியோ ஹரிராயாவோ நடுவில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளூர்த் திட்டம் ஏற்கனவே இருக்கிறது என்றால் அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராமலே போகலாம், சட்டமே அப்படித்தான். அதனால் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே போய்ப் பார்க்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் வைப்பார்கள், மன்றத்தின் முன்கூடத்தில் பெரிய படங்களை மாட்டியிருப்பார்கள், ஏர்கோன் குளிரில் தூங்கி வழியும் ஒரு பையன் பாரம் கொடுப்பான். நான் போன நாளில் வருகைப் புத்தகத்தில் என் பெயர் ஏழாவது. ஒரு மாவட்டத்தின் அடுத்த பல வருஷத்து நிலத்தைத் தீர்மானிக்கும் படத்தைப் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர்! வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் நகர்த் திட்ட இலாகாவான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் தளத்தில் உங்கள் ஆற்றோரம் என்ன வர்ணத்தில் இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆட்சேபக் கடிதத்தில் அழுகை வேண்டாம். "நாங்கள் ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில்" என்று ஆரம்பிக்கும் கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன், கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். லாட் நம்பர், ஆற்றின் பெயர், அளந்த தேதி, அளந்த மூன்று அகலங்கள், அதற்கு ஜே.பி.எஸ். கணக்கு எத்தனை மீட்டர் சொல்கிறது, வரைபடத்தில் எத்தனை மீட்டர் இருக்கிறது, இவ்வளவும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். அதற்குக் கீழே மூன்று கோரிக்கை. ஒன்று, இரண்டு கரையிலும் முழு ரிசாப்பையும் விட்டு எல்லைக்கல் நட வேண்டும், கட்டுமானம் ஆரம்பிப்பதற்கு முன்பே. இரண்டு, அதை வீட்டு மனைகளின் கிராணுக்குள் சேர்க்காமல் மாநிலத்திடம் ஒப்படைத்து 62-ஆவது பிரிவின்படி வார்த்தா செய்ய வேண்டும். மூன்று, தாமானுக்கு விட வேண்டிய 10 விழுக்காட்டுத் திடலுக்கு இந்த ஆற்றோரத்தைக் கணக்குக் காட்டக் கூடாது. மூன்றாவதைக் கட்டாயம் எழுதுங்கள், ஒரே நிலத்தை இரண்டு இடத்தில் விற்கிற மாதிரி இந்தக் கணக்கு அடிக்கடி நடக்கிறது, பிள்ளைகளுக்குத் திடலும் இருக்காது, ஆற்றுக்கு இடமும் இருக்காது.

தலைப்பை மலாயில் போடுங்கள்: 'பெர்மோஹோனான் மேவார்த்தாக்கான் ரிசாப் சுங்கை', அதாவது ரிசாப்பை வார்த்தா செய்யக் கோரும் விண்ணப்பம். மன்றம், மாவட்ட நில அலுவலகம், மாவட்ட ஜே.பி.எஸ்., சட்டமன்ற உறுப்பினர் என்று நான்கு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரின் பெயரும் தெரியும்படி கீழே போட்டுவிடுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோய் உங்களுடையதில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். முத்திரை இல்லாத ஒரு கடிதத்தை "வரவே இல்லை" என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம பக்கத்துத் தப்பு

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஆற்றோர ரிசாப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மேம்பாட்டாளர்கள் இல்லை. மாட்டுக்கொட்டகை நம்முடையது, சாணித் தண்ணீர் நேராக ஆற்றில் விழுகிறது. கார் கழுவும் கடை நம்முடையது. கோயில் மண்டபத்தை நீட்டி இரும்புத் தூணை ஆற்றுக்குள்ளேயே இறக்கியிருக்கிறோம், வெள்ளம் வந்தபோது குப்பை அந்தத் தூணில் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்க்கரைக் கிராமத்துக்குள் திரும்பியது. நாம் ஆட்சேபம் எழுதினால் மறுநாளே அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், அப்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

கோயில் நிர்வாகத்தோடு முதலில் பேசுங்கள், கடிதம் போவதற்கு முன்னால். பழைய சன்னிதியை யாரும் தொடச் சொல்லவில்லை, புதிதாகக் கட்டுவதை ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோகலாம். எங்கள் கோயில் தலைவர் முதலில் முகம் கொடுக்கவே இல்லை, "அம்மா ஆத்துக்கு எதிர்லதான் இருக்கணும்" என்றார். நாங்களும் எதிரில்தானே இருக்கச் சொல்கிறோம், ஆற்றுக்குள்ளே இறங்க வேண்டாம் என்கிறோம் என்றதும் சிரித்துவிட்டார். கருமக் கிரியைக்கு வருகிறவர்கள் துணியையும் பானையையும் தண்ணீரில் விடுவதற்கு ஒரு தொட்டி கட்டி வைத்தோம். பாதிப் பேர் போடுகிறார்கள்.

மாடு வளர்ப்பவர்களும் காய்கறி போடுபவர்களும் பல சமயம் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பார்கள், எல்.பி.எஸ். என்கிற அந்தச் சீட்டு. ஒதுக்கீட்டு நிலத்துக்கும் அதைக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எந்த மாதம் வாங்கினாலும் அந்த வருஷம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது, மறுபடி புதுப்பிக்க வேண்டும். அங்கேதான் வாய்ப்பு. புதுப்பிக்கும்போது கரையிலிருந்து முதல் ஐந்து மீட்டரில் கொட்டகையோ குழியோ கூடாது, சாணித் தண்ணீருக்குத் தனிக் குழி வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லி நவம்பரிலேயே நில அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆளை விரட்டாமல் கொட்டகையைப் பின்னால் நகர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மண் வேலை ஆரம்பித்த பிறகு

நிபந்தனை எழுதி வாங்கினாலும் புல்டோசர் ஓட்டுகிறவருக்கு அதை யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். மண் வேலைக்கு 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஏ பிரிவின்படி தனியாக அனுமதி வேண்டும், அதில் மண் அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடும் வந்தாக வேண்டும்: கறுப்புத் துணி வேலி, வண்டல் குளம், லோரி டயர் கழுவும் தொட்டி. மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், ஆறு தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடினால் அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. வேலைத்தளத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும், யாரும் வாதாட முடியாது. மண் என்றால் மன்றத்துக்கும் ஜே.பி.எஸ்.க்கும், நாற்றமோ எண்ணெயோ நுரையோ என்றால் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் போக வேண்டும். தப்பான இலாகாவுக்குப் போட்டால் ஒரு மாதம் கழித்து "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று பதில் வரும்.

சின்ன ஆறுதானே என்று யாராவது சொன்னால் ரவாங்கில் ஓடும் சுங்கை கோங்கைச் சொல்லுங்கள். 2020 செப்டம்பரில் அந்தச் சின்ன ஆற்றில் கலந்த கழிவு சிலாங்கூர் ஆற்றுக்குப் போய், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாகி, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க மக்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் நின்றார்கள்.

வாங்கிய இடத்தில் என்ன செய்வது என்பது கடைசிப் பேச்சு. பொதுவாக ஒன்றும் செய்யாமல் விடுவது நல்லது. கரையில் கொங்கிரீட் நடைபாதை போட்டு விளக்கு வைத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், ஆனால் பத்து மீட்டரில் நான்கு மீட்டர் அதற்கே போய்விடும், மழைத் தண்ணீர் அதன் மேல் வழுக்கி ஓடும். எங்களுடைய பாதி வெற்றியில் தோற்ற பாதி இதுதான். இரண்டாவது தடவை, ஆற்றின் மேல்பகுதி நிலத்துக்கு, நேரத்தில் ஆட்சேபம் எழுதி ஒரு கரையில் 10 மீட்டர் வாங்கினோம், எல்லைக்கல்லும் நட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நடுவில் சிவப்புக் கொங்கிரீட்டில் ஓட்டப்பாதை. அதனால் 'இயற்கையான புல், மரம் மட்டும், கடினத் தளம் கூடாது' என்ற வரியையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் சேர்க்கவில்லை. நட வேண்டுமென்றால் கரை விளிம்பில் வெட்டிவேர், அதற்கு மேலே ஏற்கனவே நிற்கும் மரங்களை வெட்டாமல் காப்பது, புல் வெட்டும் குத்தகைக்காரரிடம் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டரைத் தொடாதே என்று சொல்லி வைப்பது. இரண்டு மழைக்காலம் கழிந்தால் கெலி மீன் திரும்ப வந்துவிடும், தூண்டிலோடு பையன்களும்.

வலது கரையில் இன்னும் தோட்டம்தான். மரங்கள் வயதாகிவிட்டன, குலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன, மறுநடவுப் பேச்சே இல்லை. சிவப்பு வளையம் மங்கிப்போய் அப்படியே இருக்கிறது. போன மாதம் சாரியான் எடுத்துப் பார்த்தோம், வகை இன்னும் விவசாயம். கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை.